பாளையம்பட்டியில் ஆறு வீடு கட்டினேன்

வீடு கட்டி வாடகைக்கு விடுவது உட்கார்ந்த இடத்தில் சாப்பிடும் தொழில் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் இதுவரை வாடகை வீட்டில் மட்டும்தான் குடியிருந்திருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படி நம்பியவள்தான். ஜாக்கெட் தைத்துத் தைத்து இடுப்பு விட்டுப்போன ஒரு மத்தியானம், எதிர்வீட்டுக்காரி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி வாடகைப் பணத்தை வாங்கி இடுப்பில் செருகியதைப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

லோனைப் போட்டு, வீட்டைக் கட்டி, டூலெட் போர்டைத் தொங்கவிட்டு, போன் அடிக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்க்கும் என் இனத்தாரே, இது உங்களுக்காக எழுதியது. இனிமேல் கட்டப்போகிறவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள். நானாக இருந்தாலும் படித்திருக்க மாட்டேன்.

சிரித்த முகம்

பாளையம்பட்டியில் அம்மா வீட்டுச் சீராக வந்த இடம் ஒன்று என் பேரில் இருந்தது. சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். குமாரலிங்கபுரத்தில் பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போகிறது, வெளியூர் ஆட்கள் வந்து குவிவார்கள், வீடு கிடைக்காமல் அல்லாடுவார்கள் என்று பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஒரே பேச்சு. கீழே மூன்று, மேலே மூன்று, மொத்தம் ஆறு வீடு என்று மனக்கோட்டை கட்டினேன். மனக்கோட்டை கட்ட லோன் தேவையில்லை. அடுத்த கோட்டைக்குத் தேவைப்பட்டது.

பேங்க் மேனேஜர் தங்கமான மனிதர். பட்டா, வில்லங்கம், பிளான் அப்ரூவல், வக்கீல் ஒப்பீனியன் என்று அவர் கேட்டதையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இந்த இடம் மட்டும் பத்தாது, அருப்புக்கோட்டையில் குடியிருக்கிற வீட்டையும் சேர்த்து வைத்தால் கேட்ட தொகை கிடைக்கும் என்றார். அந்த வீடு என் வீட்டுக்காரர் கட்டியது. அவருக்குப் பந்தல்குடியில் சின்னதாக ஒரு உரக்கடை. எங்கள் பக்கத்தில் மழை பெய்தால்தான் வெள்ளாமை, வெள்ளாமை இருந்தால்தான் உரம் விற்கும். அதனால் மழை பெய்த வருஷங்களில் மட்டும் வளர்ந்த வீடு அது. ஒரு நல்ல மழைக்கு ஒரு ரூம். மாடிப்படி பாதியில் நின்று, வானத்தைப் பார்த்தபடியே சில வருஷம் கிடந்தது. அந்தப் பத்திரத்தை மேஜையில் வைத்தவர் அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை. மேனேஜர்தான் பதமாக உருவிக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை நீட்டிக்கொண்டே சொன்னார்: "கையெழுத்துப் போடுற அன்னைக்கு எல்லாரும் சிரிச்ச முகமாத்தாம்மா இருப்பாங்க. நீங்களும் அப்படியே இருங்க."

நடுவில் நிற்கிறவள்

லோன் கிடைத்துவிட்டது என்றதும் மொத்தப் பணமும் கைக்கு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வராது. அஸ்திவாரம் போட்டால் கொஞ்சம், ஜன்னல் மட்டம் வந்தால் கொஞ்சம், கூரைக்குக் கான்கிரீட் போட்டால் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் இன்ஜினியர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் அடுத்தது. அதுவரை செய்கிற வேலைக்கு நம் கைக்காசு. என் கைக்காசு ஜன்னல் மட்டத்தோடு தீர்ந்துபோனது. கம்பி விலையும் சிமெண்டு விலையும் எனக்காகக் காத்திருக்கவில்லை. காதில் கழுத்தில் கிடந்ததையும் அடகு வைத்தாயிற்று.

காண்ட்ராக்டர் சென்ட்ரிங் பலகையைப் பாதி அடித்துவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு சைட்டுக்குப் போய்விட்டார். பேங்குக்கு ஓடினேன். கான்கிரீட்டைப் போடுங்கள், பணம் தருகிறோம் என்றார்கள். காண்ட்ராக்டரிடம் ஓடினேன். பணத்தைக் கொடுங்கள், கான்கிரீட் போடுகிறேன் என்றார். வெயிலில் இரண்டு இடத்துக்கும் நாயாக அலைந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒருநாள் அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்த சைட்டிலேயே போய் நின்று அழுதுவிட்டேன். அவர் சங்கடப்பட்டுத் தலைத் துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டு சொன்னார்: "அவுக கான்கிரீட்டப் பாத்தாத்தான் காசு தருவாக, நான் காசப் பாத்தாத்தான் கான்கிரீட் போடுவேன். ரெண்டு பேரு பேசுறதும் ஞாயந்தானக்கா, நடுவுல நீங்க எதுக்கு நிக்கீக?"

ஒத்தி

அந்த நேரத்தில் தெய்வம் மாதிரி வந்து சேர்ந்தவர் புரோக்கர் செல்லப்பாண்டி. எங்கள் ஊரில் ஒத்திக்கு விடுவது என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெருந்தொகையை மொத்தமாக நம் கையில் கொடுத்துவிட்டு, வாடகை எதுவும் தராமல் குடியிருப்பார்கள். காலி செய்கிற அன்றைக்கு அந்தத் தொகையை ஒரு பைசா குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீடு தேடுகிறவர்கள் இங்கே முதலில் கேட்பதே ஒத்தி கிடைக்குமா என்றுதான். மாதாமாதம் வாடகை என்று கையை விட்டுப் போகிற காசை யாருக்கும் பிடிக்காது.

ஆறில் நான்கு வீட்டை, கூரை போடும் முன்பே ஒத்திக்குப் பேசி முடித்தார் செல்லப்பாண்டி. வானம் தெரிகிற சுவர்களுக்குள் நின்று, இது ஹால், இது அடுப்படி என்று நான் கையைக் காட்ட, அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் கான்கிரீட் போட்டேன், அதைக் காட்டி பேங்கில் வாங்கியதையும் சேர்த்துப் பூசினேன், வெள்ளையடித்தேன். பால் காய்ச்சிய அன்றைக்கு ஊரே வந்து வாயைப் பிளந்தது. நான் நிலத்தில் நடக்கவில்லை.

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. என் வீட்டுக்காரர் என்னிடம் தமிழில் பேசினால் விஷயம் கனமானது என்று அர்த்தம். எல்லாரும் போனபிறகு அவர் மேலும் கீழும் ஒருதரம் நடந்து பார்த்தார். அடுத்த மாதத்திலிருந்து பேங்குக்குத் தவணை கட்ட வேண்டும். வாடகை வருவதற்கு மிச்சமிருந்தது இரண்டே வீடு. என் பக்கத்தில் வந்து நின்று தமிழில் கேட்டார்: "நாலு வீடு நெறஞ்சிருச்சு, ஒன்னுலருந்தும் ஒத்த ரூவா வராது. அப்ப இது யாரு வீடு?"

மழை இல்லாத மாசம்

மிச்சமிருந்த இரண்டில் ஒன்றுக்கு வாடகைக்கு வந்தவர் திருச்சுழிப் பக்கத்து விவசாயி, எங்கள் பேச்சில் சம்சாரி. ஊரில் நிலபுலன் உண்டு, கொஞ்சத்தைக் குத்தகைக்கும் விட்டிருந்தார். பிள்ளைகளை டவுனில் படிக்க வைப்பதற்காகப் பெண்சாதியோடு இங்கே குடிவைத்துவிட்டு, இவர் ஊருக்கும் இங்குமாகப் பஸ்ஸில் போய்வருவார். வாடகையை வெற்றிலையில் வைத்துக் கொடுத்த மனிதர். இப்படி ஆறு பேர் கிடைத்திருந்தால் நான் ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சித்திரையில் போர் தண்ணி கீழே இறங்கிவிட்டது. மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வந்தது. பைப்பில் பஞ்சாயத்துத் தண்ணி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. டேங்கர் லாரியை வரவழைத்து ஊற்றினேன். ஒத்திக்காரர்கள் நான்கு பேரும் அதில் பங்கு தர மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். ஒத்தி என்றால் தண்ணியும் சேர்த்துத்தானாம். ஆக, எனக்குச் சல்லிக்காசு தராத நான்கு குடும்பத்துக்கு நான் காசு கொடுத்துத் தண்ணி வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தேன். முதல் தேதி வந்ததும் சம்சாரி வீட்டுக்கு வாடகைக்குப் போனேன். அவர் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். ரொம்பவும் தன்மையாக, எனக்குப் புத்தி சொல்கிற மாதிரி கேட்டார்: "எங்க ஊருல மழ இல்லாத வருசம் குத்தகைய நாங்களே வேணாம்னுருவோம்க்கா. பாவம், அவன் எங்க போவான்? நீங்க என்னன்னா பைப்புல தண்ணி வராத மாசத்துக்கும் முழு வாடகை கேக்கீக?"

ஆபீசர் வீடு

மேலே கிழக்குப் பார்த்த வீட்டை ஜவுளிப் பூங்காவுக்கு வரும் ஆபீசருக்கென்று ஒதுக்கி வைத்தேன். செல்லப்பாண்டியின் யோசனைதான். ஆபீசர் என்றால் கேட்ட வாடகை கொடுப்பாராம். அதற்காக வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தேன். கீசர் மாட்டினேன். மாசியிலிருந்து குழாயைத் திறந்தாலே வெந்நீர் கொட்டுகிற ஊரில் கீசர் மாட்டிய ஒரே பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

ஆபீசர் வரவில்லை. வந்து பார்த்த மற்றவர்களும் நாள் பார்த்தார்கள். ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். புரட்டாசி வேண்டாம் என்பார்கள். மார்கழியைப் பேசவே கூடாது. பங்குனியில் தயங்குவார்கள். பேங்க்காரர்கள் மட்டும் ஆடி என்றோ மார்கழி என்றோ ஒரு தவணையைத் தள்ளிப்போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. வாடகையைக் குறைத்துச் சொன்னேன். அதற்குள் எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு பேர் என்னைப் பார்த்து மேலேயும் கீழேயும் வீடு கட்டி, என்னைவிடக் குறைத்துச் சொன்னார்கள். அவர்களைப் பார்க்க எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

ஒருநாள் லாரி செட்டில் லோடு ஏற்றும் வேலையைக் கவனிக்கிற ஒருவர் வந்து வீட்டைப் பார்த்தார். கீசரைத் தட்டிப் பார்த்தார். நானும் என் பங்குக்கு, பூங்கா வந்தால் இந்த வாடகைக்கு வீடு கிடைக்காது, இப்போதே பிடித்துப் போட்டுவிடுங்கள் என்று ஆசை காட்டினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பார்க்கு வந்துட்டா நான் ஏன்க்கா வாடகைக்கு வாரேன்? எனக்கும் ரெண்டு சென்டு கெடக்கு, லோனப் போட்டு நாலு வீடு கட்டி விட்ருவேன்ல."

விரிசல்

கீழே ஒத்திக்கு வந்த ஒருவர், குடும்பத்தோடு வருகிறேன் என்றுதான் சொன்னார். விசைத்தறியும் குடும்பத்தில் சேர்த்தி என்று எனக்குத் தெரியாது. ஹாலில் தறியைப் போட்டு ஓட்ட ஆரம்பித்ததும் மேல்வீட்டுப் பாத்திரமெல்லாம் அலமாரியில் நடக்கத் தொடங்கின. நானும் நெசவுக்காரக் குடும்பத்தில் பிறந்தவள், தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள். தறி ஓடினால்தான் சோறு என்று எனக்குத் தெரியாதா? அதனால் வாயைத் திறக்கவில்லை. தரையிலிருந்து ஜன்னல்வரை சுவரில் கோடு ஓடியபிறகுதான் கேட்டேன்.

அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார், பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. வாசல்வரை போய் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு வந்து காதோடு சொன்னார்: "இது தறியால வந்ததில்ல மதினி, கலவையில மண்ணு சாஸ்தி. பூசுனது எங்க மச்சினன்தான், நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாதீக."

கொடியில் காயும் துணி

ஒரு வாடகையை வைத்துக்கொண்டு ஆறு வீட்டுத் தவணையைக் கட்ட முடியாது என்பதைச் சொல்ல ஆடிட்டர் வேண்டியதில்லை. உரக்கடை வருமானம் அப்படியே பேங்குக்குப் போனது. நான் கூலிக்குத் தைத்ததும் போனது. வானம் பொய்த்த அந்த வருஷம் உரமும் விற்கவில்லை. தவணை நின்றது. பேங்கிலிருந்து நோட்டீஸ் வந்தது. கட்டாவிட்டால் இரண்டு இடத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவருவோம் என்று எழுதியிருந்தது. என் ஆறு வீட்டை நினைத்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை. குடியிருக்கிற வீட்டின் விலாசத்தை அதில் படித்ததும் நோட்டீசை மடித்துத் தையல் மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

பழைய மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார். புது மேனேஜர் சின்ன வயது. நேரிலேயே பார்க்க வந்தார். வாடகை வரவில்லை என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே மேலே கீழே பார்வையை ஓட்டினார். அன்றைக்கென்று ஆபீசர் வீடு தவிர எல்லா வாசலிலும் கோலம், எல்லா அடுப்படியிலும் தாளிப்பு. நான்கு வீட்டை ஒத்திக்கு விட்டு அந்தக் காசில்தான் இந்தக் கட்டடத்தையே முடித்தேன் என்று பேங்குக்காரரிடம் எப்படிச் சொல்வது? என்னைப் பொய்க்காரி என்று சொல்லவும் மனசில்லாமல் அவர் கேட்டார்: "கொடியில இவ்வளவு துணி காயுதேம்மா. இவங்கள்லாம் யாரு?"

கல்யாண வீடு

கீழே கடைசி வீட்டில் ஒத்திக்கு இருந்தவர் ராஜம்மாள். கணவர் இல்லை. ஒரே மகள், மில்லில் வேலை பார்க்கிறாள். அவர்கள் வீட்டில் கன்னடம், எங்களுக்குத் தெலுங்கு, இரண்டு பேரும் தமிழில்தான் கதை பேசுவோம். தண்ணி லாரி வந்தால் எனக்கு முன்பாக வந்து குழாயைப் பிடிக்கிற மனுஷி. எனக்கு அந்தக் கட்டடத்தில் போய் உட்கார ஒரு வீடு உண்டென்றால் அது அவர்கள் வீடுதான்.

ஆனிக் கடைசியில் தாம்பாளத்தோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். ஒத்திப் பணம்தான் நகை, சீர், மண்டபம் எல்லாமே. ஆயுசெல்லாம் சேர்த்ததை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். நான் அதைக் கான்கிரீட்டாகப் போட்டு வைத்திருந்தேன். ஒரு ஒத்தியைத் திருப்ப இன்னொரு ஒத்தி பிடிப்பதுதான் இந்தத் தொழிலில் வழி. ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் புது வீடு காலியாகக் கிடக்கும்போது, விரிசல் விட்ட கட்டடத்துக்கு யார் வருவார்கள்? உள்ளே வாங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். ராஜம்மாள் உட்காராமல், தாம்பாளத்தையும் கீழே வைக்காமல் சொன்னார்: "உங்கள அழைக்கவும் செய்யணும், பணத்தக் கேக்கவும் செய்யணும். எத முதல்ல செய்யன்னு தெரியாமத்தான் இவ்வளவு நேரமும் தெருவுலயே நின்னேன்."

பார்க்க வந்தவர்

பாளையம்பட்டிக் கட்டடத்தை விற்றுவிடலாம் என்றுதான் முதலில் இறங்கினோம். வாங்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி, ஒத்திக்காரர்களைக் காலி பண்ணிவிட்டு வாருங்கள், பேசலாம் என்றார்கள். காலி பண்ணப் பணம் இருந்தால் நான் எதற்கு விற்கிறேன்? ஒத்தி இல்லாமல், காலி பண்ணுகிற பேச்சு இல்லாமல், பார்த்தவுடனே விலைபோகக்கூடியதாக எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது நாங்கள் குடியிருந்த வீடு.

என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கொடுத்து ஆறியிருப்பேன். பேங்கில் பேசி, விற்ற பணத்தில் பெரும்பகுதி நேரே கடனுக்குப் போகட்டும், கைக்கு வருவது ராஜம்மாளுக்கு என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகும் கடன் கொஞ்சம் நிற்கும். வாங்குகிறவர் பந்தல்குடிப் பக்கம் லாரி வைத்திருப்பவர். குடும்பத்தோடு வந்து ரூம் ரூமாகப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கடைக்குப் போய்விட்டார், நான்தான் கதவைத் திறந்து திறந்து காட்டினேன். எந்த ரூம் எந்த மழைக்குக் கட்டியது என்று சொல்ல வாய்வரை வந்தது. அவருக்கு எதற்கு அது? பிள்ளைகள் மாடிப்படியில் ஏறி இறங்கி விளையாடின. சரி, பிள்ளை குட்டியோடு நல்லபடியாகக் குடியிருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் அவர் சொன்னார்: "நாங்க குடிவரலக்கா. லோனப் போட்டு வாங்கி வாடகைக்கு விட்டுட்டா, மாசமானா உக்காந்த எடத்துல காசு வரும்ல?"

அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் வியாபாரம் முறிந்திருக்கும். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

புதுசா வந்தவர்கள்

ராஜம்மாள் மகள் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. மாடி வீட்டை இன்னமும் ஆபீசருக்காக வைத்துவிட்டு, அவர்கள் காலி செய்த வீட்டுக்கே நாங்கள் குடிபோனோம். ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு அடுப்படி. பீரோ உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றது. என் வீட்டுக்காரர் அதைப் பிடித்தபடி பழைய வீடு இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை, பாத்திர மூட்டையை அவிழ்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் குடத்தில் தண்ணியோடு வந்தாள். அதுவரை நான் பார்த்ததே இல்லாத முகம். அது தறிக்காரருக்கும் ராஜம்மாளுக்கும் நடுவில் நான் ஒத்திக்கு விட்ட வீடு. ஒத்திக்காரர் ராஜபாளையம் பக்கம் வேலைக்குப் போய்விட்டு, எனக்குத் தெரியாமல் இவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார் என்பது அவள் பேச்சிலிருந்து தெரிந்தது. நான் கட்டிய வீட்டில் மாதாமாதம் தவறாமல் முழு வாடகை வாங்கிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, புதிதாக வந்தவர்களை விசாரிக்கிற அக்கறையோடு கேட்டாள்: "வீட்டுக்காரரு நல்லவருதான்க்கா, மாசம் பொறந்தா டான்னு வந்து நிப்பாரு, அவ்வளவுதான். நீங்க ஒத்திக்கு வந்திருக்கீகளா, வாடகைக்கா?"

ஆறு வீடு கட்டிப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு குடும்பம் குடியிருக்க ஒரு வீடு இருந்தால் போதும், நான் விற்றது அந்த ஒன்றைத்தான்.